ஓய்ந்திருக்கும் இரும்பு

தை அறுவடை முடிந்து களம் ஒழிந்த பின்னர், காவிரிப் பாசனக் கிராமம் ஒன்றின் வழியே செல்வோர் காணும் காட்சி பெரும்பாலும் ஒரே விதமாகவே இருக்கும். மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில் இரும்புக் கலப்பை சேறு காய்ந்தபடியே சாய்ந்திருக்கும். டிராக்டருக்குரிய இரும்புச் சக்கரங்கள் வேப்பமரத்தடியில் கிடக்கும். மருந்து தெளிக்கும் கருவி, அடியில் மிச்ச மருந்துடன், திண்ணை மூலையில் தொங்கும். சற்று அப்பால் வாய்க்காலின் தலைப்பில், கடைசியாகத் திருப்பியவர் எவ்வளவில் விட்டுச் சென்றாரோ அவ்வளவிலேயே மதகின் ஷட்டர் நின்றுகொண்டிருக்கும். அதன் அடிப்பாகம் வண்டலில் புதைந்திருக்கும். இந்த இரும்பு முழுவதையும் வைகாசிக் கடைசி வரையில் எவரும் தொடுவதில்லை. பின்னர் எல்லோரும் ஒரே வாரத்தில் அதைத் தேடுகிறார்கள்.

விவசாயத்தில் இரும்பு கெடுவது உழைப்பினால் என்பது பொதுவான எண்ணம். உழைப்பினால் அது தேய்கிறது என்பது மெய்யே. ஆனால் கொழுவின் நுனி தேய்ந்தால் மாற்றுக் கொழு கடையில் கிடைக்கும். போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதும், தகட்டில் ஓட்டை விழுவதும், ஷட்டரின் தண்டு திரும்ப மறுப்பதும் உழைத்த மாதங்களில் நேர்வன அல்ல. ஓய்ந்திருந்த மாதங்களில் நேர்வன. ஆகவே இரும்புக்காகப் பாடுபட வேண்டிய நாள் வேலை தொடங்கும் நாளன்று; வேலை முடிந்த நாளேயாம். இத்துணை எளிய விஷயம் அநுஷ்டானத்தில் இல்லாமற் போனதற்குக் காரணம் அறியாமை என்பதைவிட, அந்த நாளில் பொறுப்பாளி ஒருவர் இல்லாமையே என்று கூறவேண்டும்.

துரு என்பது இரும்பும் ஜலமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடி உண்டாகும் பொருள். இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் அது உண்டாகாது. வறண்ட காற்றில் இரும்பு நெடுநாள் கெடாமல் இருக்கும். காற்று நீக்கப்பட்ட தூய ஜலத்திலும் ஏறக்குறைய அப்படியே. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்திலேயே அது விரைவில் கெடுகிறது. நாற்பது வருஷம் நின்ற ஷட்டரைப் பிடுங்கிப் பார்ப்போர், எப்போதும் ஜலத்தினுள் அமிழ்ந்திருந்த பாகத்தைவிட, நீர்மட்டம் ஏறி இறங்கும் பாகமே அதிகமாக அரிக்கப்பட்டிருக்கக் காண்பதன் காரணம் இதுவே.

காய்ந்த சேறு இரும்பை மூடிக் காப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. சேறு பனியையும் ஈரத்தையும் உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. அன்றியும், சேற்றின் அடியில் காற்றுக் குறைவாகவும் அதைச் சுற்றிலும் காற்று மிகுதியாகவும் இருப்பதால், ஒரே இரும்புத் துண்டின் இரு பாகங்களுக்கிடையே மிக மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஏற்படுகிறது. அவ்வோட்டத்தில் கரைவது காற்றுக் குறைந்த பாகம், அதாவது சேற்றின் அடியிலுள்ள இரும்பு. கலப்பையைச் சுரண்டும்போது சேறு இருந்த இடத்தில் குழி குழியாக இருப்பதை எந்தக் கொல்லரும் காட்டுவார். சேற்றோடு உரமும் கலந்திருந்தால் கேடு இரட்டிக்கும். அமோனியம் ஸல்பேட்டும் பொட்டாஷ் உரமும் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக் கரைபவை. அக்கரைசல் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். விதையும் உரமும் சேர்த்து விதைக்கும் கருவியின் உரப்பெட்டி மற்றப் பாகங்களுக்கு முன்னரே ஓட்டையாவதில் ஆச்சரியமொன்றும் இல்லை.

துருவின் இன்னொரு குணம் மதகுகளுக்கு மிகவும் முக்கியமானது. அது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஷட்டர் ஏறி இறங்கும் காடியிலும், தண்டின் மரைகளிலும் அது புகுந்து ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடுகிறது. இரும்பு இன்னும் திண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஷட்டர் அசையாது. கம்பி வைத்துக் கட்டிய மதகுச் சுவரில் சிமெண்ட் பிளந்து உதிர்வதற்கும் உள்ளே கம்பி துருவேறிப் பருத்ததே பெரும்பாலும் காரணம்.

இவ்விடத்தில், “முன்னோர் காலத்து இரும்பு துருப்பிடித்ததில்லை” என்ற பேச்சு எழுவது வழக்கம். உடனே டெல்லியிலுள்ள இரும்புத் தூண் சாட்சிக்கு அழைக்கப்படும். குதுப்மினாரின் அருகில் ஏறக்குறைய 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அத்தூண் சுமார் 1,600 வருஷங்களாக நிற்பது உண்மைதான். அதன் இரும்பில் பாஸ்வரம் சற்று அதிகமாகக் கலந்திருப்பதால், மேலே உண்டான மெல்லிய படலம் உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். டெல்லியின் வறண்ட காற்றும் அதற்கு உதவியது. நாகப்பட்டினத்து உப்புக் காற்றில் கிடக்கும் கலப்பைக்கு அத்தூண் எவ்வித ஆறுதலும் அளிக்காது. இன்று கடையில் விற்கும் எஃகில் பாஸ்வரத்தை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். ஏனெனில் அது மிகுந்தால் எஃகு நொறுங்கும்.

நிற்க, உலோகத்தின் பெயரை அறிந்து வாங்குவதும் பாதுகாப்பில் ஒரு பாதி. தமிழில் “தகரம்” என்ற ஒரே சொல் இரண்டு வேறுபட்ட சாமான்களுக்கு வழங்குகிறது. கொட்டகைக்குப் போடும் தகரம், உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்புத் தகடு. எண்ணெய் டின்னின் தகரம், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. புதிதாக இருக்கையில் இரண்டும் வெளுப்பே; கீறல் விழுந்தபின் அவற்றின் குணம் நேர் எதிராகிவிடும். துத்தநாகம் இரும்பைவிட எளிதிற் கரையும் உலோகமாதலால், கீறல் விழுந்த இடத்திலும் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் வெளியே அவ்வாறு செய்வதில்லை. கீறல் விழுந்தால் அதன் கீழுள்ள இரும்பு, பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாக அவ்விடத்தில் கெடும். உர மூட்டைக்கும் மருந்துக்கும் பழைய எண்ணெய் டின்களை வெட்டிப் பாத்திரமாக்குவது இதனால்தான் சிக்கனமாக முடிவதில்லை. துத்தநாகப் பூச்சும் சர்வரோக நிவாரணியன்று. தகடுகளை ஈரத்தோடு ஒன்றின்மேலொன்று அடுக்கி வைத்தால் வெள்ளைத் துரு பூத்துப் பூச்சு வீணாகும். உரக் கரைசலும் மாட்டு மூத்திரமும் அதை விரைவில் அழிக்கும்.

ஓர் உலோகம் தன்னைக் கொடுத்து மற்றொன்றைக் காக்கும் இந்த வித்தை புதிதன்று. 1824ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன சாஸ்திரி, யுத்தக் கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடு உப்பு நீரில் கரைவதைத் தடுக்க, அதில் இரும்பும் துத்தநாகமும் ஆன சிறு துண்டுகளை இணைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரைந்த செம்பின் விஷத்தால் அதுவரை ஒட்டாதிருந்த கடற்சிப்பிகள் அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்துவிட்டன. வித்தை சரியானதே, இடமே பொருந்தவில்லை.

இதே நியாயம் குடியானவர் வீட்டில் தலைகீழாக வேலை செய்வதையும் கவனிக்கவேண்டும். இரும்புக் குழாயில் பித்தளை வால்வைப் பூட்டினால், ஈரம் உள்ளவரையில் இரும்பே கரைந்து பித்தளையைக் காக்கும். குழாய் எப்போதும் வால்வுக்கு அருகிலேயே பொத்தலாவது இதனால்தான். இடையில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று இருந்தால் அவ்வோட்டம் அறுபடும். துருப்பிடிக்காத எஃகு எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. இரும்பில் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் சேர்த்துச் செய்யப்படும் இக்கலப்பு உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமொன்று உண்டு. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் அது தானே மூடிக்கொள்ளும். பெரிய இரும்புத் தகட்டில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டை இட்டால் பாதகம் அதிகமில்லை. ஸ்டெயின்லெஸ் தகட்டைச் சாதாரண இரும்பு போல்ட்டால் முடுக்கினால், அப்பெரிய தகடு முழுவதற்குமாக அந்தச் சிறிய போல்ட் ஒன்றே கரைந்து முடியும். விலை உயர்ந்த தகட்டை வாங்கிவிட்டு நாலணா போல்ட்டில் மிச்சம் பிடிப்போர் இதை நினைவில் வைப்பது நலம்.

செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையை இரும்பு போலத் துரு தின்பதில்லை. மயில்துத்தம் சேரும் போர்டோ கலவைக்குப் பித்தளைத் தெளிகருவிகள் வழங்கியதற்குக் காரணம் அதுவே. மயில்துத்தக் கரைசலை இரும்பு வாளியில் கரைத்தால், இரும்பு கரைந்து அதற்கு ஈடாகச் செம்பு வாளியில் படியும். வாளியும் போகும், மருந்தும் வலுவிழக்கும். மண்சால், மரத்தொட்டி, பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவற்றில்தான் அதைக் கரைக்கவேண்டும். கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, தீட்டிய கத்தியின் அலகைச் சற்று நேரம் அதில் தோய்த்து எடுக்கும் பழைய சோதனை இன்றும் நல்லதே. அலகில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு குறைவு.

ஆயினும் பித்தளைக்கும் ஒரு சத்துரு உண்டு. அது மாட்டுக் கொட்டிலில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமலே வெடித்துப் பிளந்து கிடந்தன. காரணம் 1921ஆம் வருஷத்தில்தான் தெளிவாயிற்று. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா வாயு, இழுத்து உருவாக்கிய பித்தளையின் உள்ளே தங்கியிருந்த விறைப்போடு சேர்ந்து அதைப் பிளந்துவிட்டது. பித்தளைத் தெளிகருவியையும் வால்வுகளையும் கொட்டிலில் தொங்கவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. லாயத்துக்கும் கொட்டிலுக்கும் இவ்விஷயத்தில் வித்தியாசமில்லை.

இவையெல்லாம் ஒருவருடைய சொந்தச் சாமான்கள். கெட்டால் நஷ்டம் அவருக்கு. ஆகையால் என்றாவது அவர் திருந்துவார். மாட்டு வண்டி ஓடிய நாட்களில், வைக்கோற் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மைக்குழாய் தொங்காத வண்டியைக் காண்பது அரிது. அதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. பொதுச் சொத்தின் கதி வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் வாடகைக்கு எடுத்த கருவியைக் கழுவாமல் திருப்பித் தருவோர் தம் வீட்டுக் கருவியைக் கழுவாதவர்கள் அல்லர். எல்லாவற்றிலும் அதிகமாகக் கைவிடப்பட்ட பொது இரும்பு எது என்றால், மதகின் ஷட்டரே.

ஷட்டரின் எஃகுத் தண்டு திரும்பும் நட்டு, செம்பும் வெள்ளீயமும் சிறிது துத்தநாகமும் சேர்ந்த கன்மெட்டலால் ஆனதாக இருக்கவேண்டும். இரும்புத் தண்டும் இரும்பு நட்டும் ஈரத்தில் சேர்ந்தால் துரு இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்துவிடும். கன்மெட்டல் துருப்பிடியாது, அன்றியும் தான் தேய்ந்து தண்டைத் தேயாமல் காக்கும். தேய்ந்த நட்டை மாற்றுவது எளிது. தண்டை மாற்றுவது அரிது. எடைக்கு நல்ல விலை பெறுவதால் இந்த நட்டு திருடரின் கண்ணிலும் படுகிறது. நட்டு போன மதகுக்கு அவசரத்தில் லேத் பட்டறையில் இரும்பு நட்டு கடைந்து போடப்படுமானால், அன்று வேலை முடியும். அடுத்த வருஷம் தண்டு திரும்பாது. பிறகு கடப்பாரை வரும், தண்டு வளையும், மணல் மூட்டையால் மதகு அடைக்கப்படும். ஐப்பசி, கார்த்திகையில் இரவு முழுதும் மழை கொட்டி மேல்மடை நிரம்பும்போது திறக்க முடியாத ஷட்டர் ஒன்று ஒரு கிராமத்தின் சம்பாப் பயிரை மூழ்கடிக்கப் போதுமானது. குறுவையில் மூட முடியாத ஷட்டரோ, கடைமடைக்காரருடைய ஜலத்தை வழியிலேயே வடித்துவிடும். மேல்மடையும் கடைமடையும் கைகலக்கும் வழக்குகளில் சிலவேனும் மனிதரால் அல்லாமல் ஒரு நட்டினால் தொடங்கியவை.

ஷட்டர் சிக்குவது சிறு வாய்க்கால்களுக்கே உரிய குறை என்று எண்ணலாகாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் பால்ஸம் அணையில் 1995 ஜூலை 17ஆம் தேதி, மதகுக் கதவுகளில் ஒன்றைத் தூக்கும்போது அது முறிந்து விழுந்தது. ஏரியின் ஜலத்தில் ஏறக்குறைய 40 சதவிகிதம் வடிந்துபோயிற்று. உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பாக்கியம். விசாரித்தபோது, கதவு திரும்பும் சுழலச்சுகளில் துரு ஏறி உராய்வு மிகுந்துவிட்டதும், உயவு போடுவது காலக்கிரமத்தில் குறைந்துபோனதும், அவ்வுராய்வைத் தாங்கும்படி கதவின் கைகள் வகுக்கப்படாததும் தெரிந்தன. பணமும் பொறியாளர்களும் நிறைந்த இடத்திலேயே கிரீஸ் படாத அச்சு இவ்வாறு செய்தது.

தமிழ்நாட்டின் பழைய ஏரிகளில் தூம்பு கல்லாலும் மரத்தாலும் ஆனது. அந்நாளில் கிராமத்தார் செய்யவேண்டிய குடிமராமத்து, மண் வெட்டுவதும் கரை போடுவதுமாக இருந்தது. 1858ஆம் வருஷத்திய சென்னைக் கட்டாய வேலைச் சட்டமும் அந்த வழக்கத்தையே சட்டத்திற்குள் கொண்டுவந்தது. கல்லும் மரமும் போய் இரும்பு வந்தபோது மராமத்தின் தன்மை மாறியிருக்கவேண்டும், மாறவில்லை. 2017ஆம் வருஷத்தில் குடிமராமத்துக்குப் புத்துயிர் அளிக்கப்பட்ட போதும் பேச்சு பெரும்பாலும் தூர் எடுப்பதைப் பற்றியதே. தூர் எடுத்த வாய்க்காலின் தலைப்பில் துருவேறிய ஷட்டர் நின்றால் எடுத்த தூரால் பயன் பாதியே. இத்தனைக்கும் உலோக அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில், டெல்டாவுக்கு அண்மையிலுள்ள காரைக்குடியிலேயே இருக்கிறது. 1948ஆம் வருஷத்தில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே சேர்ந்துள்ள அறிவு வாய்க்கால் கரைக்கு வந்து சேரவில்லை என்பது வருந்தத்தக்கது.

“ஷட்டர் சர்க்காருடைய சொத்து, அதைத் தொட நமக்கு அதிகாரமில்லை” என்பது மிராசுதாரர்கள் கூறும் சமாதானம். பெரிய தலைமதகுகளைப் பொறுத்தவரை அது சரி. அவற்றைப் பொறியாளர்களன்றிப் பிறர் தொடலாகாது. கிளை வாய்க்கால்களிலும் தண்டை மாற்றுவதும் தகடு பற்றவைப்பதும் நீர்வளத் துறையின் வேலையே. ஆனால் வண்டலை வழித்து, காடியைச் சுரண்டி, மரையில் கிரீஸ் தடவுவதற்கு எஸ்டிமேட் வேண்டியதில்லை. பாசனத்துக்குரிய லஸ்கருக்குத் தெரிவித்து அவர் முன்னிலையில் அதைச் செய்யலாம். அவர் ஒருவர், அவர் பார்க்கவேண்டிய மதகுகள் பல. அவரைக் குறை கூறுவதைவிட அவருக்குக் கை கொடுப்பதே கிராமத்துக்கு லாபம். நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் உள்ள ஊர்களில் இதை அச்சங்கத்தின் வருஷாந்தர வேலையாகவே தீர்மானம் செய்துகொள்ளலாம்.

நாளும் தானே அமைந்திருக்கிறது. 1934ஆம் வருஷத்தில் முடிந்த மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பதும் ஜனவரி 28ஆம் தேதி மூடுவதும் வழக்கம். ஜலவசதியைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆனாலும், இடையில் நாலரை மாதம் வாய்க்கால் வறண்டிருக்கிறது. இவ்வளவு காலத்தையும் விட்டுவிட்டு ஜூன் முதல் வாரத்தில், துருவின்மேலேயே பெயின்ட் பூசி, அது உலருமுன் ஜலத்தை விடுவது பணத்தை வாய்க்காலில் விடுவதாகும். மூடிய பதினைந்து நாளுக்குள் ஷட்டரை முழுதும் ஏற்றி இறக்கிப் பார்த்து, சுத்தம் செய்து, அடிவிளிம்பு வண்டலில் படாதபடி சற்று உயர்த்தி நிறுத்தவேண்டும். பிறகு மாதம் ஒருமுறை ஒரு சுற்றேனும் திருப்பவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் ஒன்று செய்யலாம். அடங்கலில் ஒவ்வொரு புலத்தின் பயிரும் பதிவாகிறது. அந்தப் பயிருக்கு ஜலம் விடும் மதகு எந்நிலையில் இருக்கிறது என்பதற்கு ஊரில் தனிப்பதிவு கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மதகுக்கு ஒரு பக்கமாக, அதைக் கவனிக்க இசைந்த பாசனதாரரின் பெயர், கடைசியாகக் கிரீஸ் இட்ட தேதி, நட்டு கன்மெட்டலா இரும்பா என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதி வைத்தால் போதும். பெயர் எழுதப்பட்ட மதகு விஷயத்தில், “யாரைக் கேட்பது” என்ற கேள்வி எழாது. பழுதுபார்க்கும்படி துறைக்கு எழுதும் மனுவுக்கும் அப்பக்கமே ஆதாரமாகும்.

பெயின்ட் பூச நேர்ந்தால், மாசியில் வெயில் ஏறிய நாளில் பூசவேண்டும். அதிகாலைப் பனி ஈரத்தில் கூடாது. கம்பிப் பிரஷ்ஷால் துருவை முழுதும் நீக்கி, தூசி துடைத்து, முதலில் ரெட் ஆக்ஸைடு அல்லது துத்தநாகம் சேர்ந்த அடிப்பூச்சும், அது காய்ந்தபின் மேற்பூச்சு இரண்டும் இடவேண்டும். பழைய வழக்கப்படி ஈயச் செந்தூரம் பூசலாகாது; மாடு குடிக்கும் ஜலத்தில் அது விஷம். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயையும் மதகுக்குப் பயன்படுத்தவேண்டாம். அதில் அமிலக் கசடு உண்டு. தண்டின் மரையில் மட்டும் பெயின்ட் படவே கூடாது. அங்கே கிரீஸ்தான் இடவேண்டும்; பெயின்ட் பட்டால், முதல்முறை திருப்பும்போதே உரிந்து நட்டினுள் திரண்டு, துருவைப் போலவே தண்டை இறுக்கிவிடும்.